சோழகத்தைப் பிடிக்கக் கற்ற பத்து நாள்

ஆகஸ்ட் 1, இரவு. பிடோக், சிங்கப்பூர்

அண்ணன் வீடு பதினோராவது மாடியில். பெட்டியை வைத்ததும் நான் போய் நின்றது அடுப்படி ஜன்னலில். வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் துணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தன. "நாலு நாளா இப்படித்தான் அடிக்குது, கிளிப்பு போடலேன்னா துணி கீழ் வீட்டுக்குப் போயிரும்" என்றார் அண்ணி. அதைக் கேட்டபோதுதான் வந்த வேலை நடக்கும் என்று நம்பிக்கை வந்தது.

கைட்சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று கடலில் சறுக்கிப் போவது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன். எனக்கு ஊர் பாம்பன். அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அதில் முதல் பாதி பாய் கட்டிய வள்ளத்தில். காற்றின் பெயர்களைக் கேட்டே வளர்ந்தேன்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். ஆனால் எங்கள் வீட்டில் பெண்கள் வள்ளத்தில் ஏறியதில்லை. கரையில் நின்று பார்த்ததோடு சரி. சில ஆண்டுகளுக்கு முன் ராமேசுவரம் தீவுக் கரையில் ஒரு பெண் பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீரின்மேல் சறுக்கிப் போனாள். அன்றிலிருந்தே இந்த ஆசை.

காற்றை மட்டும் பார்த்தால் இதைக் கற்க எங்கள் தீவுதான் நல்ல இடம். வாடைக்கு ஒரு பக்கக் கரை, சோழகத்துக்கு மறு பக்கக் கரை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 140 கிலோமீட்டர்கூட இல்லை, காற்று மெல்லிசு. ஆனாலும் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அண்ணன் கொடுத்த பரிசு இது, விடுப்பும் பத்து நாள்தான். தெரிந்த கண்கள் இல்லாத கரையில் தொடங்குவதும் எனக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 2. ஈஸ்ட் கோஸ்ட்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 15 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை. முழுவதும் மனிதர் போட்ட மண். 1966இல் தொடங்கி பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்தார்களாம். தொடுவானம் தெரியாத அளவுக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. தலைக்குமேல் சாங்கிக்கு இறங்கும் விமானங்கள்.

பயிற்றுநர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். 'அண்ணே' என்றே கூப்பிட்டேன். பலகை எங்கே என்று கேட்டேன். "பலகைய மறந்துடுங்க. ரெண்டு நாளைக்குத் தண்ணிப் பக்கமே போக மாட்டோம். பட்டம் கையில பழகட்டும், மத்ததெல்லாம் அப்புறம் லா" என்றார்.

தந்தது மூன்று சதுர மீட்டர் பயிற்சிப் பட்டம். குச்சி கிடையாது. பாராசூட் துணிபோல அறை அறையாகத் தைத்திருக்கிறது. முன்பக்க வாய் வழியே காற்று புகுந்தால் தலையணைபோல உப்பி இறக்கை வடிவத்துக்கு வருகிறது. இரண்டு கயிறு, நடுவே ஒரு கைப்பிடிக் கோல். அதை 'பார்' என்கிறார்கள். வலது பக்கத்தை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது என்றால் இடம்.

அவர் மணலில் கோடு போட்டுக் கற்றுக்கொடுத்த ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும். இதன் பெயர் விண்ட் விண்டோ. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரியுங்கள். இடது கை நுனியில் தொடங்கி, உச்சந்தலைக்கு மேலே போய், வலது கை நுனிவரை ஒரு வில் வரையுங்கள். அந்த வில்லுக்கு முன்னால் உங்கள் எதிரே இருக்கும் வெளி, ஒரு உருண்டையைக் கால்வாசியாக வெட்டிய துண்டு மாதிரி இருக்கும். பட்டம் பறக்க முடிவது அதற்குள் மட்டும்தான். இடங்களைக் கடிகார மணியால் சொல்கிறார்கள். உச்சி 12, இடது நுனி 9, வலது நுனி 3. ஓரங்களில் பட்டம் சாதுவாக நிற்கும், இழுவை குறைவு. நடுவே, உங்களுக்கு நேர் எதிரே தாழ்வாக வந்தால் மொத்தக் காற்றையும் வாங்கி இழுக்கும்.

சொல்லிக் கேட்டபோது புரிந்த மாதிரி இருந்தது. உண்மையில் புரிந்தது பட்டம் 12இலிருந்து நடுவே பாய்ந்தபோது. மூன்றே மீட்டர் துணி என்னை இரண்டு எட்டு முன்னே கொண்டுபோய் முழங்காலில் விட்டது. நான் செய்த தவறு, பயத்தில் பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பயிற்றுநர் சொன்னார்: "எல்லாரும் பயந்தா பிடிப்பாங்க. இங்க பயந்தா விடணும். இன்னிக்கு நீங்க கத்துக்க வேண்டியது அது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. பட்டத்தை எழுப்புவேன், நடுவே பாயவிடுவேன், இழுவை வந்ததும் கையைத் திறப்பேன். பார் பறந்து போகும், மணிக்கட்டில் கட்டிய வார் மட்டும் ஒரு கயிற்றைப் பிடித்திருக்கும், பட்டம் உயிர் போன துணியாக விழும். மறுபடி எழுப்புவேன். பதினைந்து, இருபது தடவைக்குமேல் கை தானாகத் திறந்தது.

இரவு அப்பாவிடம் பேசினேன். "எங்கிருந்துடி அடிக்குது?" என்றார். தெற்கு, கொஞ்சம் கிழக்குச் சாய்வு என்றேன். "தெக்கத்திக் காத்துன்னா சோழகந்தான். நம்ம ஆளு அங்கயும் வந்துட்டான்." பாரை விடும் பாடத்தைச் சொன்னதும் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "எங்கப்பன் எனக்குச் சொன்னதும் அதான். காத்து முறுகுனா மொதல்ல தாமான விடு, அப்புறம் யோசின்னு." தாமான் என்பது பாயின் கீழ் மூலையில் கட்டிக் கையில் பிடிக்கும் கயிறு. அதை விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும்.

ஆகஸ்ட் 3. மெரினா பாரேஜ்

ஆடிப் பதினெட்டு. அண்ணி எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொடுத்தார். பயிற்சி இல்லாத நாள் என்பதால் அண்ணன் மகனோடு மெரினா பாரேஜ் போனேன். 2008இல் திறந்த அணைக்கட்டு. அதன் கட்டடக் கூரை முழுக்கப் புல்வெளி. ஊரின் பட்டக்காரர்களெல்லாம் அங்கேதான். மீன், ஆக்டோபஸ், ஐம்பது அடி வால் வைத்த பாம்பு என்று வானம் நிறைந்திருந்தது.

"அத்தே, இங்க 60 மீட்டருக்கு மேல பட்டம் விடக் கூடாது. ஏர்போர்ட்டுக்கு 5 கிலோமீட்டருக்குள்ளனா அனுமதி வாங்கணும்" என்றான் மருமகன். பன்னிரண்டு வயது, விதிகள் அத்துப்படி. கைட்சர்ஃபிங் கயிறுகள் பெரும்பாலும் 20 முதல் 27 மீட்டருக்குள் அடங்கும், ஆகவே உயரம் சிக்கலில்லை. இடம்தான் சிக்கல். விமான நிலையமும் விமானத் தளங்களும் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. வந்த இடத்தில் கண்ட கரையில் பட்டத்தை விரிக்காமல், எங்கே அனுமதி என்று தெரிந்தவரோடு போவதே சரி. எனக்கு அதைப் பயிற்றுநரே பார்த்துக்கொண்டார்.

பட்டத்தால் ஆளை இழுக்கும் எண்ணம் பழையது. 1826இலேயே ஜார்ஜ் போக்கக் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1903இல் சாமுவேல் கோடி பட்டம் கட்டிய படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். தண்ணீரில் விழுந்தால் மறுபடி எழும்பாது என்பதே நெடுங்காலத் தடை. பிரான்சின் புரூனோ, டொமினிக் லெகெனூ சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த குழாய்களைச் சட்டமாக வைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். அது மிதக்கும், தண்ணீரிலிருந்தே எழும். இன்று கடலில் பார்க்கும் பட்டங்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. கடலோரத்தில் பிறந்த எனக்கு அந்தச் சகோதரர்கள் மேல் தனி மரியாதை. விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 4

விடியற்காலை நாலரைக்கு ஜன்னல் அதிர்ந்து விழித்தேன். மேற்கே வானம் முழுக்க மின்னல். சில நிமிடத்தில் காற்று பாய்ந்தது. கீழே மரங்கள் வளைந்தன. 'சுமத்ரா' என்கிறார்கள் இதை. சுமத்ரா தீவின் பக்கத்திலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசையாக வரும் இடிமழை. பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்கு. மென்காற்றுக்கு விரித்த பட்டம் இதில் மாட்டினால் ஆளைத் தூக்கி மரத்தில் அடிக்கும். இங்கே பழகுகிறவர்கள் கைப்பேசியில் மழை ராடாரை ஏன் அடிக்கடி பார்க்கிறார்கள் என்று இன்றைக்குப் புரிந்தது. மேற்கே கறுத்தால் எந்தப் பேச்சும் இல்லை, பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

பயிற்சி ரத்து.

ஆகஸ்ட் 5. மணலில், பெரிய பட்டம்

இன்று 12 சதுர மீட்டர். பம்ப் வைத்து முன்விளிம்புக் குழாயை நிரப்பவே மூச்சு வாங்கியது. விரல் நுனியால் தட்டினால் மத்தளம்போல் சத்தம் வர வேண்டும். நிரப்பியதும் கவிழ்த்துப் போட்டு மேலே மணல் அள்ளி வைக்க வேண்டும். மறந்தால் கடற்கரையில் தானாக ஓடும், குழந்தைகள் விளையாடும் இடம் அது.

நான்கு கயிறு. நடு இரண்டும் பட்டத்தின் முன்விளிம்பில், ஓர இரண்டும் பின்மூலைகளில். ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் விட்டுக் கடைசிவரை நடந்து சிக்கெடுத்துப் பூட்ட வேண்டும். பாரில் சிவப்பு இடக்கைப் பக்கம். மாற்றிப் பூட்டினால் எழுந்த கணமே பட்டம் தலைகீழாகச் சுழன்று பாயும். பயிற்றுநர் மூன்று தடவை சரிபார்த்தார், என்னையும் மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னார். அப்பா வலையைத் தெப்பத்துக்கு ஏற்றுமுன் பார்ப்பது இப்படித்தான்.

இழுவை இப்போது கையில் இல்லை, இடுப்பில். ஹார்னஸ் என்ற அகலக் கச்சையின் கொக்கியில் பாரின் வளையம் மாட்டுகிறது. பாரைத் தன் பக்கம் இழுத்தால் வலு கூடும், தள்ளினால் குறையும். பயத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்று முதல் நாளே கற்றாயிற்று. அதற்கும் மேலே ஒரு சிவப்பு விடுப்பான் உண்டு. அதைத் தள்ளினால் வளையம் திறந்து, பட்டம் ஒரே கயிற்றில் தொங்கிச் செத்துவிழும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுத் தள்ளும்வரை பட்டத்தை எழுப்பவிடவில்லை.

எழுப்ப இன்னோர் ஆள் வேண்டும். அவர் காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று முன்விளிம்பின் நடுவைப் பிடித்திருப்பார். கயிறு இறுகி, துணி படபடப்பு அடங்கியதும் நாம் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். அவர் கையை எடுப்பார், எறியக் கூடாது. பட்டத்தை இறக்க வேண்டுமென்றால் நாம் உச்சந்தலையில் தட்டிக் காட்ட வேண்டும். யாரென்றே தெரியாதவர்கள்கூட அந்தச் சைகைக்கு ஓடிவந்து பிடிக்கிறார்கள். இன்று ஒரு சீனப் பெரியவருக்கு நான் பிடித்தேன். பேச்சே இல்லாமல் நடந்தது, மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 6. தண்ணீரில்

காற்று பதின்மூன்று 'நாட்' (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கு), அதாவது மணிக்கு 24 கிலோமீட்டர். இங்கே இது நல்ல நாள்.

பலகை இல்லாமல் பட்டத்தோடு கடலில் இறங்குவதை பாடி டிராக் என்கிறார்கள். இடுப்பளவு ஆழத்தில் நின்று, பட்டத்தை 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே எட்டுப் போடவைத்தேன். உடம்பு தண்ணீர்மேல் படுத்தது, பிறகு நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, துடுப்பு இல்லை. முகத்தில் தண்ணீர் அடிக்க, காற்று என்னை இடுப்பில் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அழுதுவிட்டேன். கடல் தண்ணீரில் யாருக்கும் தெரியாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு கடினமான பாதி. ஒரு கையை விலாவுக்கு நேராகத் தண்ணீருக்குள் நீட்டி அதையே படகின் அடிக்கட்டை மாதிரி வைத்து, மறு கையால் பாரைப் பிடித்துக் குறுக்கே போவது. பலகை கைவிட்டுப் போனால் காற்றை எதிர்த்து இப்படித்தான் அதனிடம் திரும்ப வேண்டும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மேற்கே இழுத்தது. ஐந்து முறையில் ஒருமுறைதான் வந்தது.

கயிறு ஒருமுறை விரலை உரசிச் சதையைக் கிழித்துவிட்டது. தவறு என்னுடையது, பாரைத் தாண்டிக் கயிற்றைப் பிடித்தேன். இழுவையில் இருக்கும் கயிற்றைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 7. திடலில்

கட்டுப்போட்ட விரலோடு தண்ணீர் வேண்டாம் என்றார் பயிற்றுநர். தீவின் மேற்குப் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத பெரிய புல் திடலுக்கு வேனில் போனோம். கைட் லேண்ட்போர்டிங். ஸ்கேட்போர்டைவிட நீளமான பலகை, காற்றடைத்த நான்கு சக்கரம், பாதத்தைச் செருகும் பட்டை. பட்டம் முதல் நாள் பார்த்த, அறை அறையாகத் தைத்த வகைதான், ஐந்து சதுர மீட்டர்.

தண்ணீர் உடம்பைப் பிடித்து நிறுத்தும், புல்மேல் சக்கரம் அப்படிச் செய்யாது. ஆகவே மென்காற்றிலும் சின்னப் பட்டமே போதும். சிங்கப்பூர்க் காற்றுக்கு இது கடலைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் விழுந்தால் தரை தரைதான். தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் மாட்டி, முதலில் பலகையில்லாமல் பட்டத்தை ஓட்டிக்கொண்டே நடந்தேன், பக்கவாட்டில், பின்னால், திரும்பி. அதற்குப் பின்புதான் பலகை.

பட்டத்தை 12இலிருந்து 2க்கு இறக்கியதும் சக்கரம் உருண்டது. குதிகாலில் எடையைப் போட்டுப் பின்னால் சாய வேண்டும். சாய்ந்தால் விழுவோம் என்று உடம்பு மறுக்கும், ஆனால் பட்டம் தாங்கிக்கொள்ளும். அந்த நம்பிக்கை வர ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் திடலின் பாதி தூரம் போனேன். நிறுத்தப் பட்டத்தை 12க்குக் கொண்டுவந்தேன், நின்றது. தண்ணீரில் மூன்று நாள் ஆகியிருக்கும் விஷயம் இங்கே ஒரு சாயங்காலத்தில் காலுக்குத் தெரிந்துவிட்டது. நீந்தப் பயப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்று மனதார நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8. காத்திருப்பு

இலை அசையவில்லை. பள்ளியில் தேசிய தினக் கொண்டாட்டம் முடிந்து சீக்கிரமே விட்டதால் சிவப்புச் சட்டையோடு மருமகனும் கரைக்கு வந்துவிட்டான். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து உணவங்காடியில் சாத்தே வாங்கித் தந்தான், கரும்புச்சாறும்.

"அத்தே, மேக்ஸ் மேடர் தெரியுமா?" என்று ஆரம்பித்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் கைட் பந்தயம் முதன்முதலாகச் சேர்ந்தது. நடந்தது மார்செய் கடலில். சிங்கப்பூர்ப் பையன், 17 வயது, வெண்கலம். அங்கேயும் ஆகஸ்ட் 8ஆம் தேதி காற்றில்லாமல் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்களாம். மறுநாள் 9ஆம் தேதி, இந்த நாட்டின் பிறந்தநாளில், பதக்கம். சிங்கப்பூருக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களிலேயே வயதில் இளையவர். அன்று அண்ணன் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கத்தினார்களாம். சொல்லும்போது அவனுக்கு இன்னமும் கண் மின்னுகிறது.

ஐந்து மணிக்குப் பயிற்றுநர் பட்டத்தை மடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 9

தேசிய தினம். தாழ்வாரமெங்கும் கொடி. பயிற்சி இல்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கி வந்து நான் ஊர்க் குழம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 10. ஈஸ்ட் கோஸ்ட், கடைசி நாள்

பிற்பகல் இரண்டு மணிக்குச் சோழகம் எழும்பியது. கரையோரத் தென்னைகள் சாய்ந்து ஓலை சீப்பு வாரியதுபோல ஒரு பக்கம் நின்றன. பயிற்றுநர் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்து, "பதினாலு" என்றார்.

பட்டம் 12இல். நான் தண்ணீரில் மல்லாந்து, பலகையைக் காலில் மாட்டி, முழங்காலை மார்புக்கு மடக்கி உட்கார்ந்த நிலை. முதல் தடவை பட்டத்தை மெதுவாக இறக்கினேன், இழுவை போதவில்லை, மூழ்கினேன். இரண்டாவது தடவை வேகமாக. பலகையைத் தாண்டி முன்னே விழுந்தேன். மூக்கெல்லாம் உப்பு. "காலை நீட்டாதீங்க! பட்டம் தூக்கட்டும், நீங்க எந்திரிக்காதீங்க!" கரையிலிருந்து பயிற்றுநர் குரல். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் பயந்து கையைத் திறந்தேன், பட்டம் சாதுவாகிக் கொஞ்சம் தள்ளி மிதந்தது. பதறாமல் ஒரு பின்கயிற்றை இழுத்து அதை மறுபடி எழுப்பினேன். இதுவே முதல் நாள் என்றால் அதோடு கரைக்குப் போயிருப்பேன்.

பன்னிரண்டோ பதின்மூன்றோ. பட்டம் ஒரு மணியிலிருந்து பாய்ந்தது, இடுப்பு தூக்கியது, பலகை தண்ணீரைத் தட்டிக்கொண்டு ஓடியது. நான் நின்றிருந்தேன். பட்டத்தை மேலும் கீழும் ஆட்டினேன், இன்னும் ஓடியது. இடப்பக்கம் கப்பல்கள், வலப்பக்கம் கரை, முன்னால் மேற்கு. மருமகன் கரையோரமாக ஓடிவருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பதினோரு விநாடி என்று பிறகு சொன்னான், கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறான். இன்னும் மூன்று தடவை எழுந்தேன். எதுவும் அவ்வளவு நீளமில்லை.

இரவு அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"போனது சரி. கிளம்புன இடத்துக்குத் திரும்பி வந்தியா?"

"இல்லப்பா. நடந்துதான் வந்தேன். காத்த எதுத்து மேல ஏற இன்னும் நாளாகுமாம்."

"அப்ப பாதிதான் கத்திருக்க" என்றார். "கார்த்திகைல வாடை எறங்கும். நம்ம கரைக்கு வந்துரு." சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "கரையில ஒரு ஆளு பட்டத்தப் பிடிச்சு விடணும்னியே. அத எங்கன பிடிக்கணும்?"

காற்றுக்குப் பக்கவாட்டில் நிற்கணும்ப்பா, முன்விளிம்போட நடுவுல ரெண்டு கையும் வைக்கணும் என்று சொல்லத் தொடங்கினேன்.